டைரியில் பெயர் இல்லாவிட்டால் நீங்கள் அங்கே இல்லை: காவல்துறையில் தலைமைப் பொறுப்பை எட்ட விரும்பும் பெண்களுக்கு

நான் எஸ்.ஐ.யாகச் சேர்ந்து எட்டாவது மாதம். வீடு புகுந்து திருடும் ஒரு கும்பலைத் தேடி மூன்று நாள் அலைந்தோம். நான்காம் நாள் ஓர் அடகுக்கடையின் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, மூன்று வேறு பெயர்களுக்குக் கீழே ஒரே கையெழுத்து இருந்ததைக் கவனித்தேன். அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் ஆளைப் பிடித்தோம். பதினோரு பவுன் நகை மீண்டது. மறுநாள் கேஸ் டைரியை, அதாவது விசாரணையை நாள்வாரியாக எழுதும் குறிப்பேட்டை, பார்த்தால், “ஆய்வாளரும் உடன் சென்ற காவலர்களும்” என்று இருந்தது. வெகுமதிப் பட்டியலிலும் என் பெயர் இல்லை.

நிலையத்தின் எழுத்து வேலைகளைப் பார்க்கும் ஸ்டேஷன் ரைட்டராக இருந்த ஏட்டையா ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அம்மா, நீங்கள் போனது எனக்குத் தெரியும். ஆனால் டைரியில் பேர் இல்லாவிட்டால் நீங்கள் அங்கே இல்லை. பத்து வருஷம் கழித்து உங்களுக்குப் பதவி தரப்போகிற அதிகாரி உங்களைப் பார்க்க மாட்டார், காகிதத்தைத்தான் பார்ப்பார்.”

முப்பது ஆண்டுக்கு மேல் காக்கி உடுத்தி, டி.எஸ்.பி.யாக ஓய்வு பெற்று, நடுவில் ஒரு வருடம் ஐ.நா. அமைதிப்பணியில் தென் சூடானிலும் இருந்துவிட்டு வந்தேன். பெண்களுக்குத் தலைமைப் பதவி மறுக்கப்படுவதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அந்த மறுப்பு பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும் நாளில் தொடங்குவதில்லை. பதினைந்து ஆண்டுக்கு முன்பே டியூட்டி ரோஸ்டரிலும் டைரியிலும் மேலதிகாரி நம்மைப் பற்றி எழுதும் ஆண்டு அறிக்கையிலும் தொடங்கிவிடுகிறது. அதை எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

எந்தக் கதவு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தமிழ்நாட்டில் காக்கிக்குள் வர நான்கு கதவுகள். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக இரண்டாம் நிலைக் காவலர், அதே வாரியம் வழியாக நேரடி எஸ்.ஐ., குரூப்-1 வழியாக டி.எஸ்.பி., யு.பி.எஸ்.சி. வழியாக ஐ.பி.எஸ். வயது இடம் கொடுக்கும்வரை மேலே உள்ள கதவையும் தட்டிப் பாருங்கள். காவலராகச் சேர்ந்துவிட்டதோடு படிப்பை மூட்டைகட்டி வைத்த எத்தனையோ கெட்டிக்காரப் பெண்களை எனக்குத் தெரியும். எஸ்.ஐ. தேர்வில் துறைக்குள் இருப்பவர்களுக்கென்றே 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. காவலராகச் சேர்ந்து ஆயுதப்படையில் இருக்கும் முதல் இரண்டு மூன்று வருடம்தான் படிக்க ஏற்ற காலம். உடற்தகுதித் தேர்வில் ஓட்டம், நீளம் தாண்டுதல், எறிதல் எல்லாம் உண்டு. அறிவிப்பு வந்த பிறகு ஓடத் தொடங்கினால் முட்டிதான் போகும். ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

முதல் இரண்டு வருடம்: விசாரணையைக் கேட்டு வாங்குங்கள்

பெண்ணைக் கைது செய்யப் பெண் போலீஸ் வேண்டும், பெண்ணைச் சோதனையிடப் பெண் போலீஸ் வேண்டும், பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணின் வாக்குமூலத்தை எழுதப் பெண் அதிகாரி வேண்டும் என்கிறது சட்டம். நியாயமான சட்டம்தான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். பக்கத்து ஸ்டேஷனில் ஒரு பெண்ணைக் கைது செய்கிறார்கள் என்றால் உங்களைக் கூப்பிடுவார்கள். பெண் கைதியை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போக வழிக்காவல், அரசு மருத்துவமனையில் காவல், கோயில் திருவிழாவில் பெண்கள் வரிசை. நாள் முழுவதும் ஓடுவீர்கள். ஆனால் அத்தனையும் வேறு ஒருவருடைய வழக்கு. என் முதல் பதினொரு மாதத்தில் விசாரணை அதிகாரியாக என் பெயரில் ஒரு வழக்குகூட இல்லை. யாரும் என்னைத் திட்டமிட்டு ஒதுக்கவில்லை. “அம்மாவுக்கு எதுக்கு அலைச்சல்” என்ற பரிவுதான் காரணம். அந்தப் பரிவுதான் எனக்கு அதிகக் கெடுதல் செய்தது.

ஆகவே, சேர்ந்த மூன்றாவது மாதமே எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் “பார்க்கலாம்மா” என்று பதில் வரும், அதோடு முடிந்துவிடும். நான் எழுதிக் கொடுத்த மனுவின் சாரத்தை அப்படியே தருகிறேன்:

“நான் இந்நிலையத்தில் பணியேற்ற நாள் முதல் இதுவரை 62 முறை வழிக்காவல் மற்றும் பந்தோபஸ்து அலுவலுக்கு அனுப்பப்பட்டுள்ளேன். புலன் விசாரணைக்கு வழக்கு எதுவும் ஒதுக்கப்படவில்லை. பயிற்சியில் கற்றதைப் பணியில் செயல்படுத்தும் பொருட்டு, இம்மாதம் முதல் சொத்துக் குற்ற வழக்கு இரண்டும் காய வழக்கு இரண்டும் என் விசாரணைக்கு ஒதுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

இதில் முறையீடும் குற்றச்சாட்டும் இல்லை. ஓர் எண் இருக்கிறது, குறிப்பான கோரிக்கை இருக்கிறது. அந்த 62 எங்கிருந்து வந்தது? பொது நாட்குறிப்பில் நான் வெளியே போனதும் வந்ததும் நேரத்தோடு பதிவாகியிருக்கும். ஓர் இரவு உட்கார்ந்து எண்ணினேன். படித்துவிட்டு ஆய்வாளர் ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் ஒரு சைக்கிள் திருட்டு வழக்கைக் கொடுத்தார். சைக்கிள் திருட்டுதானே என்று நினைக்காதீர்கள். மகஜர் (சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பதிவு) எழுதுவது, சாட்சியைப் பிடிப்பது, நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு நின்று பதில் சொல்வது என்று எல்லாவற்றையும் அந்த ஒரு சைக்கிளில்தான் கற்றேன்.

மனுவின் நகலில் ரைட்டரிடம் வரவு முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ள மறக்காதீர்கள்.

டைரி எழுதும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். “பாராவில் (நிலையக் காவலில்) இருந்த பெண் காவலர் தகவல் கொடுத்ததன் பேரில் ஆய்வாளர் சம்பவ இடம் சென்றார்” என்று எழுதினால், தகவல் சேகரித்தவர் யாரென்று எவருக்கும் தெரியாது. “பெண் காவலர் இன்னார், 22.40 மணிக்கு, சாட்சி இன்னாரை விசாரித்து வாகன எண்ணைப் பெற்றார்” என்று எழுத வேண்டும். உங்களுக்கு மட்டுமில்லை, உங்களுக்குக் கீழே உள்ள பெண்களுக்கும் அப்படியே எழுதுங்கள். நான் ஆய்வாளர் ஆன பிறகு, “உடன் சென்ற காவலர்கள்” என்ற சொற்றொடரை என் நிலையத்தில் யாரையும் எழுத விட்டதில்லை.

ஆண்டு அறிக்கை

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உச்ச நீதிமன்றமே இதைப் பற்றிப் பேசியிருக்கிறது.

ராணுவத்தில் பெண்கள் 1992இல் குறுகிய காலப் பணிக்குச் சேர்க்கப்பட்டார்கள். முதல் அணியின் 25 பேருக்குப் பயிற்சி கொடுத்தது நம் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாதெமிதான். பத்து, பதினான்கு வருடம் வேலை பார்த்த பிறகும் அவர்களுக்கு நிரந்தரப் பணி இல்லை, படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கும் பதவி இல்லை. வழக்கறிஞர் பபிதா புனியா 2003இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கிராமப்புறத்திலிருந்து வரும் சிப்பாய்கள் பெண்ணின் தலைமையை மனதால் ஏற்கத் தயாராக இல்லை என்பது அரசுத் தரப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தலைமைப் பதவிகளுக்குப் பெண்களை ஒட்டுமொத்தமாகத் தகுதியற்றவர்கள் என்பது அரசியல் சாசனம் தரும் சமத்துவத்துக்கு விரோதம் என்றது.

கதை அதோடு முடியவில்லை. தீர்ப்புக்குப் பிறகு பழைய ஆண்டு அறிக்கைகளை எடுத்து மதிப்பெண் போட்டார்கள், பல பெண் அதிகாரிகள் தேறவில்லை. அவர்கள் மறுபடி நீதிமன்றம் போனார்கள். நிதிஷா வழக்கு என்பார்கள், 2021 மார்ச் 25. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது என் ஏட்டையாதான் நினைவுக்கு வந்தார். இந்தப் பெண்களுக்கு இனி மேலே போக வழியில்லை என்ற நினைப்பிலேயே வருடா வருடம் அறிக்கைகள் அலட்சியமாக எழுதப்பட்டிருந்தன என்பதை நீதிமன்றம் கண்டு சொன்னது. வெளிப்பார்வைக்கு எல்லாருக்கும் ஒரே அளவுகோல், உள்ளே அது பெண்களை மட்டும் வெட்டுகிறது என்றும் சொன்னது. 2023இல் ராணுவம் பெண்களை கர்னல் நிலைக்கு உயர்த்தித் தலைமைப் பொறுப்புகளில் அமர்த்தத் தொடங்கியது. முதல் அணி பரங்கிமலைக்கு வந்ததிலிருந்து முப்பது ஆண்டு.

இதில் நமக்கான பாடம்: உங்கள் ஆண்டு மந்தண அறிக்கையை எழுதுவது மேலதிகாரி. ஆனால் அவர் எதை வைத்து எழுதுவார்? நீங்கள் கொடுக்கும் தன்விவரத்தை வைத்துத்தான். “அர்ப்பணிப்போடு பணியாற்றினேன்” என்று எழுதாதீர்கள். எத்தனை வழக்கு விசாரித்தீர்கள், எத்தனையில் குற்றப்பத்திரிகை தாக்கலானது, எத்தனையில் தண்டனை கிடைத்தது, எத்தனை நாள் நிலையப் பொறுப்பில் இருந்தீர்கள், எத்தனை இரவு ரோந்துக்குத் தலைமை தாங்கினீர்கள் என்று எண்ணால் எழுதுங்கள். இதற்காக மாதக் கடைசியில் அரை மணி நேரம் ஒதுக்கி ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். என்னிடம் அப்படி இருபத்தேழு நோட்டுகள் இருக்கின்றன. அறிக்கையில் பாதகமாக ஏதாவது எழுதி உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டால், காலக்கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். “எதற்கு வம்பு” என்று விட்டுவிட்டால், அதை நீங்கள் ஒப்புக்கொண்டதாகத்தான் பின்னால் வருபவர் படிப்பார். துறை ஒழுங்கு நடவடிக்கையில் கடுமையான குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் நின்றுபோகும். ஆகவே விசாரணையைத் தள்ளிப்போட்டுக்கொண்டு போகாமல், சீக்கிரம் முடிக்கச் சொல்லி நீங்களே வற்புறுத்துங்கள்.

பிரசவ விடுப்பில் போகும்போது ஒரு வேலை. விடுப்பில் இருந்த காலத்துக்கு அறிக்கை இல்லை என்பதைக் காரணத்தோடு பணிப்பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். காரணம் எழுதப்படாத வெற்றிடத்தைச் சில வருடம் கழித்துப் பார்ப்பவர்கள், வேலையே செய்யாத காலம் என்று எடுத்துக்கொண்டுவிடுவார்கள்.

மகளிர் காவல் நிலையம்: போகலாம், தங்கிவிடக் கூடாது

தமிழ்நாடு காவல்துறையில் பெண்கள் 1973இல் வந்தார்கள். ஓர் எஸ்.ஐ., ஓர் ஏட்டு, 20 காவலர்கள். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. ஸ்டேஷன் வாசலை மிதிக்கவே அஞ்சிய பெண்கள் உள்ளே வந்து உட்கார்ந்து அழுததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் கதவு அவசியமானது. அங்கே நிலையப் பொறுப்பில் இருப்பவர் பெண், ரைட்டர் பெண், பாரா பெண். ஒரு நிலையத்தை முழுதாக நடத்தும் வாய்ப்பு வேறு எங்கும் அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது.

ஆனால் அங்கே கொலை வராது, கலவரம் வராது, கொள்ளை வராது. உட்கோட்டத்துக்கோ (பல நிலையங்கள் சேர்ந்த பகுதி) மாவட்டத்துக்கோ தலைமை வேண்டும் என்று தேடும்போது, “சட்டம் ஒழுங்கு பார்த்திருக்கிறாரா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆகவே என் கருத்து இது: மகளிர் நிலையத்தில் இரண்டு வருடம், மிஞ்சினால் மூன்று. அதற்குள் சட்டம் ஒழுங்கு நிலையத்துக்கு இடமாறுதல் கேட்டு மனு கொடுத்துவிடுங்கள். அங்கே இருக்கும் காலத்தில் செய்த வேலையைக் குறைத்து எழுதாதீர்கள். போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றம்) வழக்கு விசாரணை எளிதா? பேசவே பயப்படும் ஏழு வயதுக் குழந்தையிடம் வாக்குமூலம் பெற்று, அது நீதிமன்றத்தில் நிற்கும்படி ஆவணமாக்கி, தண்டனை வாங்கிக் கொடுப்பது கொலை வழக்குக்குக் கொஞ்சமும் குறைந்த வேலை இல்லை. அறிக்கையில் “குடும்ப ஆலோசனை வழங்கினார்” என்ற ஒரே வரிக்குள் அதைப் புதைக்க விடாதீர்கள்.

சென்னையின் முதல் பெண் காவல் ஆணையராக 2006இல் லத்திகா சரண் வந்தபோதும், 2010இல் மாநிலத்தின் முதல் பெண் டி.ஜி.பி. ஆனபோதும் ஸ்டேஷனில் நாங்கள் இனிப்பு வாங்கி வைத்துச் சாப்பிட்டோம். 1973இல் அந்த முதல் 22 பேர் வந்ததிலிருந்து கணக்குப் போட்டால் 37 வருடம்.

பொறுப்பேற்கும் முதல் வாரம்

சட்டம் ஒழுங்கு நிலையத்தில் ஆய்வாளராக நான் பொறுப்பேற்ற காலை, ரோல்கால் (காலை வருகைக் கணக்கெடுப்பு) நேரத்தில் மூத்த சிறப்பு எஸ்.ஐ. ஒருவர் நாற்காலியை விட்டு எழவில்லை. மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கத்தியிருந்தால் என் மரியாதை அன்றோடு போயிருக்கும். நிலுவைப் பிடியாணைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். மொத்தம் 43. ஒவ்வொன்றாகப் பெயர், ஊர், எத்தனை வருட நிலுவை என்று உரக்கப் படித்தேன். ஆளுக்கு இரண்டு மூன்று என்று பிரித்துக் கொடுத்தேன். மிகப் பழைய இரண்டை என் பெயருக்கு எழுதச் சொன்னேன். அந்தச் சிறப்பு எஸ்.ஐ.யைப் பார்த்து, “ஐயா, இந்த இரண்டு ஊருக்கும் உங்களுக்குத்தான் வழி தெரியும், நீங்கள் என்னோடு வாருங்கள்” என்றேன். இரவு ஒன்றரை மணிக்கு, கரும்புத் தோட்டத்துக்கு நடுவே இருந்த பம்ப்செட் கொட்டகையில் முதல் ஆள் சிக்கினான். விடியற்காலை திரும்பும்போது வழியில் டீ வாங்கித் தந்தார் சிறப்பு எஸ்.ஐ. மறுநாள் ரோல்காலில் முதலில் எழுந்து நின்றவர் அவர்தான்.

முதல் வாரத்தில் வேறு என்ன செய்ய வேண்டும்? ஆயுதங்களையும் தோட்டாக்களையும் நீங்களே கையால் எண்ணிக் கையெழுத்திடுங்கள். சொத்து அறையைத் திறந்து பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். குறை இருந்தால் பொறுப்பேற்ற அன்றே எழுதுங்கள், ஒரு மாதம் கழித்து அது உங்கள் குறை ஆகிவிடும். டியூட்டி ரோஸ்டரைச் சுவரில் ஒட்டுங்கள். யாருக்கு இரவு, யாருக்கு ஓய்வு என்பது எல்லாருக்கும் தெரிந்தால் பாதி முணுமுணுப்பு அடங்கும்.

கழிப்பறையையும் அதே வாரத்தில் பாருங்கள். இதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால், எட்டு மணி நேரம் வெயிலில் சாலையோரம் பந்தோபஸ்து நின்ற பெண் காவலர் தண்ணீரே குடிக்காமல் இருப்பது ஏன் என்று கேட்டுப் பாருங்கள். முக்கியப் பிரமுகர்கள் போகும் வழியில் பெண் காவலர்களைச் சாலைகளில் நிறுத்த வேண்டாம் என்று 2021 ஜூனில் உத்தரவு வந்தது. 2023இல், பெண் போலீசின் பொன்விழா ஆண்டில், அவர்களுக்கு ரோல்கால் நேரத்தை 7 மணியிலிருந்து 8 மணிக்கு மாற்றுவதாக முதல்வர் அறிவித்தார். மகப்பேறு விடுப்பு முடிந்து வருபவர்கள் பெற்றோரோ கணவர் வீட்டாரோ இருக்கும் ஊரில் மூன்று ஆண்டு வேலை பார்க்கலாம் என்று 2024 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. என் மகள் ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது நூற்றிருபது கிலோமீட்டருக்கு அப்பால் எனக்கு வேலை. மாமியார் கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டு அதிகாலை பஸ் ஏறிய நாட்களை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கும். இந்த உத்தரவுகளைத் தயங்காமல் பயன்படுத்துங்கள், உங்களுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பெண்களைக் காப்பாற்றுகிறேன் என்று அவர்களை இரவுப் பணியிலிருந்தே எடுத்துவிடாதீர்கள். இரவு ரோந்து பார்க்காத எஸ்.ஐ., நாளைக்கு ஒரு உட்கோட்டத்தை எப்படி நடத்துவார்? அவர்களிடம் கேளுங்கள், வண்டியும் வாக்கி-டாக்கியும் கழிப்பறையும் இருக்கிறதா என்று பாருங்கள், அனுப்புங்கள். ரைட்டர் வேலையையும் ஓட்டுநர் வேலையையும் பெண்களுக்குப் பழக்குங்கள்.

தொல்லை வந்தால் புகாரையும் எழுத்தில்தான் கொடுக்க வேண்டும். 2021இல் ஒரு பெண் எஸ்.பி., தன்னைவிடப் பல படி மேலே இருந்த அதிகாரி மீது புகார் கொடுக்கச் சென்னை வந்தபோது வழியிலேயே மறிக்கப்பட்டார். அவர் பின்வாங்கவில்லை. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் அந்த அதிகாரிக்கு மூன்று ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

நீல பெரே தொப்பிக்குப் போகும் வழி

நீல பெரே தொப்பி அணியும் ஐ.நா. அமைதிப்பணி 1948இல் தொடங்கியது. ஓர் அமைதிப்படைக்குப் பெண் ஒருவர் தளபதியானது 2014இல்தான், சைப்ரஸில், நார்வேயின் கிறிஸ்டின் லுண்ட். போலீஸ் பக்கத்தில் நம்மவர்களுக்கு நல்ல பெயர் உண்டு. 2003இல் கிரண் பேடி ஐ.நா.வின் போலீஸ் ஆலோசகர் ஆனார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். 2007இல் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் பெண்கள் அணி லைபீரியாவில் இறங்கியது. முழுக்கப் பெண்களைக் கொண்ட போலீஸ் அணி அமைதிப்பணிக்குப் போனது அதுவே முதல் முறை. அதிபர் எலன் ஜான்சன் சர்லீப்பின் அலுவலகத்துக்குக் காவல் நின்றார்கள், இரவில் மன்ரோவியாவின் தெருக்களில் ரோந்து போனார்கள். 2016 வரை ஆண்டுக்கு ஓர் அணியாக மாறி மாறிப் போய் வந்தார்கள். அந்த ஒன்பது ஆண்டில் லைபீரியாவின் பாதுகாப்புத் துறையில் பெண்களின் பங்கு 6 சதவீதத்திலிருந்து 17 சதவீதமானது என்று ஐ.நா.வே சொன்னது. தனிநபராகப் போகும் போலீஸ் அதிகாரிகளில் 2028க்குள் 30 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று ஐ.நா. இலக்கு வைத்திருக்கிறது. அதாவது உங்களை அங்கே தேடுகிறார்கள்.

போவது எப்படி? உள்துறை அமைச்சகம் மாநிலங்களிடம் பெயர் கேட்கும், சுற்றறிக்கை தலைமையகம் வழியாக மாவட்டத்துக்கு வரும். அது உங்கள் மேசைக்கு வந்து சேர்வதற்குள் கடைசித் தேதி நெருங்கிவிடலாம். ஆகவே மாதம் ஒரு முறை அலுவலகப் பிரிவில் நீங்களே கேளுங்கள். பயிற்சிக் காலம் போகக் குறைந்தது ஐந்து வருடப் பணி வேண்டும். அதற்கு மேல் பதவி, வயது நிபந்தனைகளை அந்தந்தச் சுற்றறிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்து வையுங்கள்.

தேர்வில் ஆங்கிலம் உண்டு, நான்கு சக்கர இயக்கம் கொண்ட கியர் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும், ஆயுதம் ஏந்தும் பணியென்றால் துப்பாக்கி சுடுதலும் உண்டு. ஆங்கிலத்துக்கு நான் செய்தது எளிமையானது. தினமும் ஒரு எஃப்.ஐ.ஆரை எடுத்து ஆங்கிலத்தில் பத்து வரியில் அறிக்கையாக எழுதினேன். யார், எப்போது, எங்கே, என்ன, அடுத்து என்ன நடவடிக்கை. இரவில் வானொலியில் ஆங்கிலச் செய்தி கேட்டு, கேட்டதைக் குறிப்பெடுத்தேன். நான்கு மாதம்.

பெண்கள் அதிகம் விழுவது வண்டியில். என்னோடு எழுதியவர்களில் மூன்று பெண்கள் ஆங்கிலத்தில் தேறி, ஓட்டுவதில் திரும்பிவிட்டார்கள். காரணம் எளிது. பதவி வந்ததும் டிரைவர் வந்துவிடுகிறார், நாம் இடதுபக்கம் உட்கார்ந்தே பழகிவிடுகிறோம். நான் ஆயுதப்படை மைதானத்தில் காலை ஐந்து மணிக்கு, மோட்டார் பிரிவு ஏட்டு ஒருவரிடம் மாணவியாகச் சேர்ந்தேன். கிளட்ச் எட்டாமல் முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டேன். அவர் தார் டிரம்களை வரிசையாக நிறுத்தி, பொலேரோவைக் கண்ணாடியை மட்டும் பார்த்து அவற்றுக்கு நடுவே பின்னோக்கி ஓட்டச் சொல்வார். முதல் வாரம் தினமும் ஒரு டிரம்மாவது உருளும். “அம்மா, டிரம்மைப் பார்க்காதீர்கள், போகவேண்டிய இடத்தைப் பாருங்கள்” என்பார். ஏற்றத்தில் நிறுத்தி வண்டி ஓர் அங்குலம் பின்வாங்காமல் எடுக்கும் வரை என்னை இறங்க விடமாட்டார். ஆறு வாரம் ஆனது. டெல்லியில் தேர்வாளர் பக்கத்தில் உட்கார்ந்தபோது என் கை நடுங்கவில்லை.

2015இல் தென் சூடானின் பென்டியூவில் இருந்தேன். உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்த ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் ஐ.நா. முகாமை ஒட்டித் தார்ப்பாய்க் கூடாரங்களில் இருந்தார்கள். எங்களைப் போன்ற தனிநபர் போலீசாருக்கு ஆயுதம் கிடையாது. கூட்டம் போட்டு, என்ன பிரச்சினை என்று கேட்டால் ஊர்ப் பெரியவர்கள்தான் பேசுவார்கள், பெண்கள் பின்வரிசையில் தலை குனிந்திருப்பார்கள். நான் விடியற்காலை தண்ணீர்க் குழாயடிக்குப் போய் நின்றேன். மஞ்சள் கேன்களை வரிசையில் வைத்துவிட்டு அவர்கள் காத்திருக்கும் நேரம் அது. மொழிபெயர்க்க ஓர் இளம்பெண். இரண்டு வாரம் ஒன்றும் கேட்கவில்லை, கேன் தூக்கிவிட்டேன். மூன்றாம் வாரம் ஒருத்தி சொன்னாள்: விறகு பொறுக்க முகாமுக்கு வெளியே போகும்போதுதான் பயம். எங்கள் ரோந்து வண்டி போகும் நேரம் ஒன்று, அவர்கள் விறகுக்குப் போகும் நேரம் வேறு. அதை அறிக்கையில் எழுதினேன், நேரமும் பாதையும் வரைபடமும் சேர்த்து. ரோந்து நேரம் மாற்றப்பட்டது.

அங்கே கற்ற இன்னொன்று, பதவியை யாரும் வீடு தேடிக் கொடுப்பதில்லை. குழுத் தலைவர் இடம் காலியானால் அறிவிப்பு வரும், விரும்புகிறவர் விண்ணப்பிக்க வேண்டும், நேர்முகத் தேர்வு உண்டு. நான் விண்ணப்பித்தேன். நேர்முகத் தேர்வு நடத்தியவர்கள் மூன்று நாட்டு அதிகாரிகள். முதல் கேள்வி: எத்தனை பேருக்கு, எத்தனை மாதம், எந்த உத்தரவின்படி தலைமை தாங்கினீர்கள்? என் பையில் அந்த நோட்டுகளின் சுருக்கமும் பொறுப்பேற்பு உத்தரவுகளின் நகலும் இருந்தன. எண்ணைச் சொன்னேன், தாளை நீட்டினேன். ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. பதினான்கு பேர், ஒன்பது நாட்டினர், அவர்களில் பதினொருவர் ஆண்கள்.

சென்ற மாதம் ஓர் எஸ்.ஐ. பெண், சட்டம் ஒழுங்கு நிலையத்துக்கு இடமாறுதல் கேட்டு எழுதிய மனுவை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். “வாய்ப்பளித்தால் சிறப்பாகப் பணியாற்றுவேன்” என்று முடித்திருந்தார். அந்த வரியை அடித்துவிட்டு, இதுவரை விசாரித்த போக்சோ வழக்குகள், தண்டனை பெற்றவை, நிலையப் பொறுப்பில் இருந்த நாட்கள் என மூன்று எண்களை எழுதச் சொன்னேன். நாட்களை எண்ண அவருக்கு இரண்டு இரவு ஆனது. திங்கட்கிழமை காலை மறுபடி ஒரு படம் வந்தது. மனுவின் நகல், ஓரத்தில் ஊதா மையில் அலுவலக வரவு முத்திரை, தேதி.